ஓவர்லேப் சிண்ட்ரோம் என்பது மூன்றாவது ஒரு நோயா, இரண்டு நோய்களின் கூட்டா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஆறு மாத இடைவெளியில் எங்கள் வீட்டில் இருவருடைய மருத்துவ அறிக்கைகளில் ஓவர்லேப் என்ற ஒரே சொல் வந்திருக்கிறது. அது ஒரே பொருளில்தான் எழுதப்பட்டிருக்கிறதா என்பது எனக்குப் புரியவில்லை.

என் அக்காவுக்கு வயது 46. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தோலில் ஓயாத அரிப்பும் களைப்பும் தொடங்கின. இரத்தத்தில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி உயர்ந்திருந்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான எதிர்ப்பொருளும் இருந்தது. கல்லீரலின் சிறிய பித்தநாளங்களைத் தாக்கும் பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ் என்று சொல்லி அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் நன்றாகவே இருந்தார். அண்மையில், கல்லீரல் செல்கள் சிதையும்போது இரத்தத்தில் கூடும் ஏ.எல்.டி. என்ற நொதியின் அளவு இயல்பின் மேல்வரம்பைப் போல் ஏழு மடங்காகவும், ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருள் வகை இரண்டு மடங்குக்கு மேலாகவும் ஏறியதால் கல்லீரலில் திசுப் பரிசோதனை செய்தார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியும் சேர்ந்திருக்கிறது, இது ஓவர்லேப் சிண்ட்ரோம் என்று அறிக்கை சொல்கிறது. அடுத்த வாரம் ஸ்டீராய்டு தொடங்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இதற்கிடையில், குளிர்ந்த நீரில் கை வைத்தால் அக்காவின் விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகின்றன. காலையில் மூட்டுகள் பிடித்துக்கொள்கின்றன. செல்களின் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தேடும் ஏ.என்.ஏ. பரிசோதனையும் பாசிட்டிவ். வாதநோய் மருத்துவரைப் பார்க்கும் நாள் இன்னும் ஒரு மாதத்திற்குப் பிறகுதான் கிடைத்திருக்கிறது.

அப்பாவுக்கு வயது 71. சிறுவயது முதலே இழுப்பு உண்டு. அதற்கு மேல் 30 ஆண்டுகள் புகைபிடித்து, எட்டு ஆண்டுகளுக்கு முன் நிறுத்தினார். அவருடைய நுரையீரல் அறிக்கையில் ஆஸ்துமா–சி.ஓ.பி.டி. (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) ஓவர்லேப் என்று இருக்கிறது.

இது குடும்ப வழியில் வருகிற ஒரே நோயா? எனக்கும் என் மகளுக்கும் வருமா? ஓவர்லேப் என்றால் இரண்டு நோய்களுக்கும் தனித்தனியாக மருந்து எடுக்க வேண்டுமா, அல்லது அதற்கென்று வேறு மருத்துவம் உண்டா? படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. இத்துறைகளை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடன் இருப்பேன்.

மறுமொழி 1 (வாதநோய்ப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்)

முதலில் சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஓவர்லேப் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. ஒரு மருத்துவத் துறை தன் நோய்களைப் பிரித்து வைக்க வரைந்துகொண்ட கோடு, குறிப்பிட்ட நோயாளி ஒருவரிடத்தில் செல்லுபடியாகவில்லை என்பதற்கான குறிப்புதான் அது. காசநோய்க்குக் கிருமி இருக்கிறது. கிருமியைக் கண்டால் நோயின் பெயர் உறுதியாகிவிடுகிறது. பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், தோலைத் தடிக்கவைக்கும் ஸ்கிளிரோடெர்மா, முடக்குவாதம், தசையழற்சி ஆகியவற்றுக்கு அப்படி ஒற்றைக் காரணம் எதுவும் கையில் கிடைக்கவில்லை. எந்தெந்த அறிகுறிகள் அடிக்கடி சேர்ந்து வருகின்றன என்று பார்த்து, அந்தத் தொகுப்புகளுக்கு முன்னோர் பெயர் வைத்தார்கள். ஆகவே இரண்டு தொகுப்புகளின் அறிகுறிகள் ஒரே உடலில் இருக்கக்கூடும் என்பதில் வியப்பில்லை. வெவ்வேறு துறைகள் வெவ்வேறு கோடுகளை வரைந்திருப்பதால், உங்கள் அக்காவின் அறிக்கையில் உள்ள ஓவர்லேப்புக்கும் அப்பாவின் அறிக்கையில் உள்ள ஓவர்லேப்புக்கும் சொல் ஒன்று என்பதைத் தவிர உறவு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எங்கள் துறையில் இதற்கு மிகவும் அறியப்பட்ட எடுத்துக்காட்டு கலப்பு இணைப்புத்திசு நோய். 1972-இல் கார்டன் ஷார்ப் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் இதை விவரித்தார்கள். லூபஸ், ஸ்கிளிரோடெர்மா, தசையழற்சி ஆகிய மூன்றின் சாயலும் ஒரே ஆளிடம் தெரியும். விரல்கள் குளிரில் வெளுக்கும், கைகள் உப்பியிருக்கும், மூட்டு வலிக்கும். இரத்தத்தில் யு1 ஆர்.என்.பி. என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுந்த அளவில் இருக்கும். ஸ்டீராய்டுக்கு எளிதில் அடங்கும் மென்மையான நோய் என்றே முதலில் எழுதினார்கள். அந்த நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதுதான், சிலருக்கு நுரையீரல் தமனிகளில் இரத்த அழுத்தம் ஏறுவதும், இந்த நோயில் உயிரிழப்புக்கு அதுவே முதன்மைக் காரணமாக இருப்பதும் தெரிந்தது. பெயர் வைத்ததோடு வேலை முடிந்துவிடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கலப்பு நோய் உள்ளவர் எவராயினும், எந்த உறுப்பைப் பல ஆண்டுகள் கண்காணிக்க வேண்டும் என்பதே பெயரைவிடப் பெரிய கேள்வி.

வேறு சில கலப்புகளும் உண்டு. முடக்குவாதமும் லூபஸும் ஒருவரிடத்தில் கூடினால் இரு பெயர்களையும் ஒட்டி ரூபஸ் என்கிறோம். லூபஸில் வரும் மூட்டுவலி பொதுவாக எலும்பை அரிப்பதில்லை. எக்ஸ்ரேயில் அரிப்பு தெரிந்து, முடக்குவாதத்தில் காணப்படும் சி.சி.பி. எதிர்ப்பொருளும் இருந்தால், முடக்குவாதமும் உடனிருக்கிறது என்று கொள்ள வேண்டியிருக்கும். ஜோ-1 போன்ற எதிர்ப்பொருள்கள் உள்ளவர்களுக்குத் தசையழற்சியும் நுரையீரல் தழும்பும் காய்ச்சலும் விரல் ஓரங்களில் வெடித்துத் தடித்த தோலும் சேர்ந்து வரும். இவர்களில் சிலருக்குத் தசை பலவீனமாவதற்கு முன்பே மூச்சு வாங்கத் தொடங்கிவிடுவதால், நெஞ்சக நோய்ப் பிரிவில்தான் முதலில் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். எந்தப் பெயருக்குள்ளும் முழுமையாக அடங்காத, வரையறுக்கப்படாத இணைப்புத்திசு நோய் என்ற நிலையிலேயே பலர் பல ஆண்டுகள் அமைதியாக இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுள் நோய் ஒரு தெளிவான வடிவத்திற்கு மாறுபவர்களுக்கு அந்த மாற்றம் பெரும்பாலும் முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் நிகழ்கிறது.

இனி உங்கள் அக்காவிடம் வருகிறேன். ஏ.என்.ஏ. பாசிட்டிவ் என்பதை மட்டும் வைத்து அஞ்ச வேண்டாம். 1:40 என்ற நீர்த்த அளவில் நலமாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேருக்கு அது பாசிட்டிவாக வரும். 1:160 அளவில் நூற்றுக்கு ஐந்து பேர். தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி உள்ளவரிடம் அது இருப்பது எதிர்பார்க்கக் கூடியதே. என் கவனம் விரல்கள் வெளுப்பதில்தான் நிற்கிறது. பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கண்ணும் வாயும் உலரும் ஷோகிரென் நோயும், வேறு சிலருக்கு விரல்களோடும் முகத்தோடும் பெரும்பாலும் நின்றுவிடும் வரம்புக்குட்பட்ட ஸ்கிளிரோடெர்மாவும் உடன் வருவதுண்டு. இதைப் பார்ப்பது எதற்காக என்றால், ஸ்கிளிரோடெர்மாவில், குறிப்பாகத் தோல் வேகமாகவும் பரவலாகவும் தடித்துவரும் தொடக்க ஆண்டுகளில், நாளொன்றுக்கு 15 மில்லிகிராமுக்கு மேற்பட்ட பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு சிறுநீரகங்களைத் திடீரெனப் பாதிக்கும் நெருக்கடிக்கு வழிவிடக்கூடும். கல்லீரலுக்குத் தேவையான மருந்து சிறுநீரகத்துக்கு ஆபத்தாக முடியலாம் என்ற இந்த ஒரு காரணத்துக்காகவே, விரல்களைப் பற்றிக் கல்லீரல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். சென்ட்ரோமியர் எதிர்ப்பொருளும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-3 எதிர்ப்பொருளும் இருக்கின்றனவா என்பதை இரத்தத்தில் பார்த்துவிடலாம். முன்னது இருந்தால் அந்தச் சிறுநீரக நெருக்கடி அரிது, பின்னது இருந்தால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

மறுமொழி 2 (கல்லீரல் நோய் மருத்துவர்)

மேலே எழுதியவர் சொன்னதை ஏற்கிறேன். எங்கள் துறையின் நிலையைக் கேட்டால் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டியிருக்கும். தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியைப் பற்றி ஆராயும் பன்னாட்டுக் குழு 2011-இல் வெளியிட்ட நிலைப்பாட்டில், கல்லீரல் ஓவர்லேப்புகளைத் தனி நோய்களாகக் கருத வேண்டாம் என்றும், ஒருவரிடம் மேலோங்கி நிற்கும் நோயின் பெயரைச் சொல்லி அதனுடன் மற்றதன் கூறுகள் உள்ளன என்று எழுதுவதே பொருத்தம் என்றும் கூறியது. அப்படிப் பார்த்தால் உங்கள் அக்காவுக்கு இருப்பது பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ், அதனோடு தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியின் கூறுகள். எனக்கு இந்த எழுத்துமுறையே பிடிக்கும்; எது அடித்தளம், எது மேலே சேர்ந்தது என்பதை அது மறைப்பதில்லை.

ஆனாலும் எப்போது சேர்ந்தது என்று முடிவு செய்ய ஓர் அளவுகோல் வேண்டும். 1998-இல் பாரிஸில் இருந்த ஒரு குழு வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. பித்தநாளப் பக்கத்துக்கு மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும்: அல்கலைன் பாஸ்பட்டேஸ் மேல்வரம்பைப் போல் இரண்டு மடங்கு அல்லது ஜி.ஜி.டி. என்ற நொதி ஐந்து மடங்கு, மைட்டோகாண்ட்ரியா எதிர்ப்பொருள், திசுவில் பித்தநாளச் சிதைவு. கல்லீரல் செல்களின் பக்கத்துக்கும் மூன்றில் இரண்டு: ஏ.எல்.டி. ஐந்து மடங்கு, ஐ.ஜி.ஜி. இரண்டு மடங்கு அல்லது மென்தசைக்கு எதிரான எதிர்ப்பொருள், திசுவில் மிதமான அல்லது கடுமையான இடைமுக அழற்சி. கடைசியில் சொன்னது, பித்தநாளங்கள் இருக்கும் பகுதியும் கல்லீரல் செல்களின் வரிசையும் சந்திக்கும் எல்லையை வெள்ளணுக்கள் அரித்துக்கொண்டு உள்ளே புகுவது; ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. திசுவைப் பார்க்காமல் ஓவர்லேப் என்று முடிவு கட்டுவதை நான் ஏற்பதில்லை. உங்கள் அக்காவுக்குத் திசு எடுத்தே முடிவு செய்திருக்கிறார்கள் என்பது நல்ல செய்தி, நீங்கள் தந்த எண்களும் அந்த அளவுகோலுக்குள் வருகின்றன.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. பிரைமரி பிலியரி கோலாஞ்சைட்டிஸ் உள்ள எவருக்கும் ஏ.எல்.டி. சற்று ஏறியிருக்கலாம், தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி உள்ள சிலரிடம் பித்தநாள நோயே இல்லாமல் மைட்டோகாண்ட்ரியா எதிர்ப்பொருள் காணப்படலாம். எண்ணையோ எதிர்ப்பொருளையோ மட்டும் பார்த்து ஓவர்லேப் என்று எழுதிவிட்டால், தேவையில்லாதவர் ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட நேரும். ஏ.எல்.டி. திடீரென ஏறும்போது வைரஸ் அழற்சிகளையும், ஏதேனும் மருந்தோ மூலிகைப் பொருளோ கல்லீரலைத் தாக்கியிருக்கிறதா என்பதையும் விலக்கியாக வேண்டும். அக்கா அண்மையில் புதிதாக எதையாவது உட்கொண்டாரா என்று நீங்களும் நினைவுபடுத்திப் பாருங்கள், இயற்கை மருந்து என்று சொல்லி வாங்கியதையும் விட்டுவிடாமல் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ஓவர்லேப்புக்கு என்று தனி மருந்து கிடையாது. இரண்டு பக்கங்களுக்கும் உரிய மருந்துகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவில் அர்சோடிஆக்சிகோலிக் அமிலம் தொடரும்; ஸ்டீராய்டு வந்துவிட்டதே என்று அதை நிறுத்திவிடக் கூடாது. அழற்சியை அடக்கப் பிரெட்னிசலோன் தொடங்கி, ஏ.எல்.டி. இறங்க இறங்க அளவைக் குறைத்து, அசதயோபிரின் என்ற மாத்திரையைத் துணையாகச் சேர்ப்பது வழக்கம். அசதயோபிரினைச் சிலருடைய உடல் சரியாகச் சிதைக்க முடியாமல் இரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும். ஆகவே தொடங்குவதற்கு முன் டி.பி.எம்.டி. என்ற நொதியின் பரிசோதனை இயலுமா என்று கேளுங்கள், தொடங்கிய பின் இரத்த அணுக்களின் எண்ணிக்கையைச் சொன்ன நாளில் தவறாமல் பார்த்துவிடுங்கள். உடலில் உறங்கிக்கிடக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் ஸ்டீராய்டின்போது விழித்தெழக்கூடும் என்பதால் அந்தப் பரிசோதனையும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். பித்தநாள நோயே எலும்பை மெலிவிக்கும், ஸ்டீராய்டும் மெலிவிக்கும். எனவே எலும்பு அடர்த்தியை ஒரு முறை அளந்து வைப்பதும் கால்சியமும் வைட்டமின் டி-யும் பற்றிப் பேசுவதும் அவசியம். ஸ்டீராய்டை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது.

குழந்தைகளிடமும் இளையவர்களிடமும் வேறொரு கல்லீரல் ஓவர்லேப் உண்டு. அங்கே தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியோடு சேர்வது, பெரிய பித்தநாளங்களைத் தழும்பாக்கிச் சுருக்கும் ஸ்கிளிரோசிங் கோலாஞ்சைட்டிஸ். அதற்கு எம்.ஆர்.ஐ. வழியாகப் பித்தநாளங்களைப் படமெடுக்க வேண்டும். பெருங்குடல் அழற்சி உடனிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உங்கள் அக்காவின் நிலை அதுவன்று.

குடும்பத்தைப் பொறுத்தவரை, இந்த நோய்கள் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராகக் கைமாறுபவை அல்ல. ஆயினும் நெருங்கிய இரத்த உறவினருக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதல். குறிப்பாகச் சகோதரிகளுக்கும் மகள்களுக்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் பார்த்துவிடலாம் என்ற பரிந்துரை உண்டு. நீங்கள் அவருடைய தங்கையாக இருந்தால் அந்த எளிய இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். அது உயர்ந்திருந்தால் மட்டுமே மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

மறுமொழி 3 (கலப்பு இணைப்புத்திசு நோயுடன் 11 ஆண்டுகளாக வாழ்பவர்)

நான் மருத்துவர் இல்லை. இந்தச் சொல்லைச் சுமந்து வாழ்பவள். எனக்கு முதலில் லூபஸ் என்றார்கள், இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்கிளிரோடெர்மா என்றார்கள், அதன் பிறகே கலப்பு நோய் என்ற பெயர் வந்தது. பெயர் மாறும்போதெல்லாம் முந்தைய மருத்துவர் தவறு செய்துவிட்டார் என்று கோபப்பட்டேன். உண்மையில் நோய்தான் ஒவ்வொரு முகமாகக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. உங்கள் அக்காவுக்கும் முதலில் ஒரு நோய் மட்டுமே தெரிந்து, பிறகு இன்னொன்று தெரிந்திருக்கிறது. முதலில் சொன்னது பொய்யாகிவிடவில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று நான் சொன்னபோது, மூட்டுவலியால் நடமாட்டம் குறைந்ததுதான் காரணம் என்று ஒரு மருத்துவமனையில் விட்டுவிட்டார்கள். எட்டு மாதங்களுக்குப் பிறகு வேறொருவர் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்தபோதுதான் நுரையீரல் தமனி அழுத்தம் ஏறியிருப்பது தெரிந்தது. இப்போது ஆண்டுதோறும் எக்கோவும், நுரையீரல் வாயுவைக் கடத்தும் திறனை அளக்கும் பரிசோதனையும் செய்துகொள்கிறேன். அக்காவுக்கு விரல் வெளுக்கிறது என்கிறீர்கள். மூச்சைப் பற்றியும் அவரிடம் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வோம், எங்களில் பலர் களைப்பு என்று எண்ணி விழுங்கிவிடுகிறோம்.

மறுமொழி 4 (நெஞ்சக நோய் மருத்துவர்)

அப்பாவின் அறிக்கையை நான் எடுத்துக்கொள்கிறேன். நுரையீரலில் ஓவர்லேப் என்ற சொல்லுக்கே மூன்று பொருள்கள் வழக்கில் இருப்பதால், உங்கள் குழப்பம் நியாயமானது.

முதலாவது அப்பாவுக்கு எழுதியிருப்பது. ஆஸ்துமாவும் புகையால் வரும் அடைப்பு நோயும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா என்ற விவாதம் 1961-இல் நெதர்லாந்தின் ஆய்வாளர்கள் அப்படி ஒரு கருதுகோளை முன்வைத்த காலத்திலிருந்தே நடந்துவருகிறது. ஆஸ்துமாவுக்கான ஜினா அமைப்பும் சி.ஓ.பி.டி.க்கான கோல்ட் அமைப்பும் சேர்ந்து 2014-15 காலத்தில் ஓவர்லேப் சிண்ட்ரோம் என்ற பெயரை முன்வைத்தன. பிறகு சிண்ட்ரோம் என்ற பகுதி கைவிடப்பட்டது. 2020 அறிக்கையில் கோல்ட் அமைப்பு, இவை இருவேறு நோய்கள், சில கூறுகளைப் பகிர்ந்துகொள்ளலாம், ஒருவருக்கு இரண்டும் இருக்கலாம் என்று சொல்லி அந்தப் பெயரையே பயன்படுத்துவதை நிறுத்திவிட்டது. இங்கே நான் சற்று மாறுபடுகிறேன். கோட்பாட்டளவில் அது சரிதான். ஆனால் இன்ஹேலர் எழுதும் நேரத்தில் அந்தச் சொல் ஒருவருடைய உயிரைக் காக்கக்கூடும் என்பதால், அறிக்கையில் அது இருப்பதையே விரும்புகிறேன். சி.ஓ.பி.டி. மட்டும் இருப்பவருக்கு மூச்சுக்குழாயை நீண்ட நேரம் விரிக்கும் மருந்தை ஸ்டீராய்டு இல்லாமல் தனியாகக் கொடுக்கலாம். ஆஸ்துமாவும் உள்ளவருக்கு அப்படிக் கொடுத்தால் கடுமையான இழுப்பும் மரணமும் நேரும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே அப்பாவின் இன்ஹேலரில் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூச்சு நன்றாக இருக்கிறது என்று அதை விட்டுவிட்டு விரிப்பு மருந்தை மட்டும் எடுக்கும் பழக்கம் வந்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊதும் காற்றை அளக்கும் ஸ்பைரோமெட்ரியில், விரிப்பு மருந்துக்குப் பிறகும் முதல் விநாடியில் ஊதிய காற்று மொத்தமாக ஊதியதில் 70 விழுக்காட்டுக்குக் குறைவாகவே இருந்தால் நிலையான அடைப்பு உண்டு என்று பொருள். அதே மருந்துக்குப் பிறகு முதல் விநாடிக் காற்று கணிசமாக ஏறுவதும், சிறுவயது இழுப்பும், இரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டரில் 300 அல்லது அதற்கு மேல் இருப்பதும் ஆஸ்துமாவின் பக்கம் சுட்டும்.

இரண்டாவது, சி.ஓ.பி.டி.யும் உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோயும் சேர்வது. 1985-இல் டேவிட் ஃபிளென்லி ஓவர்லேப் சிண்ட்ரோம் என்ற பெயரை இதற்குத்தான் வைத்தார். இரவில் ஆக்சிஜன் மற்றவர்களைவிட ஆழமாக இறங்கும், இதயத்தின் வலப்பக்கம் களைக்கும். உரத்த குறட்டை, காலைத் தலைவலி, பகல் தூக்கம் ஆகியவை அப்பாவுக்கு இருந்தால் உறக்கப் பரிசோதனை கேளுங்கள். இவர்களில் சிலருக்கு, இரவில் மூச்சுப் பாதையைத் திறந்துவைக்கும் அழுத்தக் கருவி இல்லாமல் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு ஏறிவிடக்கூடும்.

மூன்றாவது, நுரையீரலின் மேற்பகுதியில் காற்றுப்பைகள் சிதையும் எம்ஃபிசிமாவும் கீழ்ப்பகுதியில் தழும்பும் ஒருசேர இருப்பது. 2005-இல் வின்சென்ட் கோட்டின் குழு இதைத் தொகுத்து எழுதியது. ஒன்று நுரையீரலை ஊதவைக்கிறது, மற்றது சுருக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் ஸ்பைரோமெட்ரி ஏறத்தாழ இயல்பாகவே இருந்து ஏமாற்றும். வாயுவைக் கடத்தும் திறன் மட்டும் வெகுவாகக் குறைந்திருக்கும். மறுமொழி 3-இல் எழுதிய சகோதரி சொன்ன அதே பரிசோதனைதான் இங்கும் உண்மையைக் காட்டும்.

குடும்பத்தைப் பற்றிய கேள்விக்கு ஒரு சிறு திருத்தம் சேர்க்க வேண்டும். அப்பாவின் நோய்க்குச் சிறுவயது ஆஸ்துமாவும் 30 ஆண்டுப் புகையும் போதுமான காரணங்கள். உங்கள் அக்காவின் தன்னெதிர்ப்பு நோயோடு அதை இணைக்க வேண்டியதில்லை. எனினும் நுரையீரலையும் கல்லீரலையும் ஒரே மரபணு வழியாகப் பாதிக்கும் நோய் ஒன்று உண்மையாகவே உண்டு: ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் குறைபாடு. கல்லீரலில் உருவாகி நுரையீரலைக் காக்க வேண்டிய ஒரு புரதம், பிழையாக மடங்கிக் கல்லீரல் செல்களிலேயே தேங்கிவிடுகிறது. அதனால் கல்லீரலும் பழுதாகிறது, பாதுகாப்பில்லாத நுரையீரலும் கரைகிறது. சி.ஓ.பி.டி. உள்ள ஒவ்வொருவருக்கும் வாழ்நாளில் ஒரு முறை இதைப் பார்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்திருக்கிறது. அப்பாவுக்கு இதுவரை பார்க்கவில்லையெனில் கேட்டுப் பெறுங்கள். அக்காவின் திசு அறிக்கை வேறு கதையைச் சொல்வதால் இது இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் உங்கள் மனத்தில் உள்ள கேள்விக்கு ஒரே இரத்தப் பரிசோதனையில் நேரடியான விடை கிடைத்துவிடும்.

கேள்வி கேட்டவர்

இவ்வளவு பொறுமையாக எழுதிய அனைவருக்கும் நன்றி. நான் அக்காவின் தங்கைதான்; நாளைக்கே அல்கலைன் பாஸ்பட்டேஸ் பார்த்துவிடுகிறேன். அப்பாவின் இன்ஹேலரைப் பார்த்தேன், ஸ்டீராய்டு சேர்ந்ததுதான். ஆனால் அவர் காலையில் மட்டும் எடுத்துக்கொண்டு இரவு வேளையை விட்டுவிடுகிறார் என்பது இன்று கேட்ட பிறகே தெரிந்தது. அக்காவிடம் மூச்சைப் பற்றிக் கேட்டேன். படியேறினால் சிரமமில்லை என்கிறார். கண்கள் மணல் விழுந்ததுபோல் உறுத்துவதாக மட்டும் சொன்னார், அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லையாம். ஒரே ஐயம் மிச்சம் இருக்கிறது. விரல்களைப் பற்றிய எச்சரிக்கையைப் படித்த பிறகு அக்கா பயந்துபோய், வாதநோய் மருத்துவரைப் பார்க்கும்வரை ஸ்டீராய்டைத் தள்ளிப்போடலாமா என்கிறார்.

மறுமொழி 5 (கல்லீரல் நோய் மருத்துவர்)

தாமாகத் தள்ளிப்போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். ஏ.எல்.டி. ஏழு மடங்கு என்றால் கல்லீரல் செல்கள் ஒவ்வொரு நாளும் அழிந்துகொண்டிருக்கின்றன. ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதன் விலை தழும்பு. அடுத்த வாரச் சந்திப்புக்குக் காத்திராமல் நாளையே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, குளிரில் விரல் வெளுப்பதையும் கண் உறுத்தலையும் தெரிவியுங்கள். மறுமொழி 1-இல் சொன்ன இரண்டு எதிர்ப்பொருள்களுக்கான இரத்தத்தை இப்போதே கொடுத்துவிடலாம். கல்லீரல் மருத்துவரும் வாதநோய் மருத்துவரும் தொலைபேசியில் ஐந்து நிமிடம் பேசிக்கொண்டாலே ஸ்டீராய்டின் அளவையும், அசதயோபிரினை எப்போது சேர்ப்பது என்பதையும் முடிவு செய்துவிடலாம். அப்படிப் பேசும்படி கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

மறுமொழி 6 (வாதநோய்ப் பிரிவில் பணிபுரியும் மருத்துவர்)

நானும் அதையே சொல்கிறேன். என் எச்சரிக்கை மருந்தைத் தடுப்பதற்காக எழுதியதன்று, கவனத்தோடு தொடங்குவதற்காக எழுதியது. அக்காவின் விரல்களிலும் முன்கையிலும் தோலைக் கிள்ளி மடிக்க முடிகிறதா என்று அவருடைய மருத்துவர் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடுவார். தோல் மென்மையாக இருந்தால் அச்சத்தின் பெரும்பகுதி அங்கேயே நீங்கிவிடும். ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே வீட்டில் ஓர் இரத்த அழுத்தக் கருவியை வைத்துக்கொண்டு, முதல் மூன்று மாதங்கள் நாள்தோறும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். வழக்கமான அளவைவிடத் திடீரென ஏறி, தலைவலியோ பார்வை மங்கலோ மூச்சுத்திணறலோ சேர்ந்து வந்தால், மறுநாள் வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போய், விரல் வெளுப்பு உள்ளவர், ஸ்டீராய்டு எடுக்கிறார் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கண் உறுத்தலுக்கு, கண்ணீர் சுரப்பை அளக்கும் தாள் பரிசோதனையைக் கண் மருத்துவர் செய்வார். ஷோகிரென் நோயில் காணப்படும் ரோ எதிர்ப்பொருளையும் அதே இரத்த மாதிரியில் சேர்த்துக் கேளுங்கள். அது ஷோகிரென் என்றே முடிந்தாலும் அக்காவின் கல்லீரல் மருத்துவத்தில் எதையும் மாற்ற வேண்டியிராது. செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்தை இப்போதே தொடங்கிவிடலாம்.

கேள்வி கேட்டவர்

மருத்துவமனைக்குப் பேசிவிட்டேன். வியாழக்கிழமை இரத்தம் எடுக்கிறார்கள், இரு மருத்துவர்களும் அதற்கு முன் பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரத்த அழுத்தக் குறிப்பேட்டில் முதல் வரியை அக்காவே இன்று மாலை எழுதினார்: 118/76.